மூன்று முறை கழுவிய பின்

உள்ளங்கை அகலத் தட்டு.
அதில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும்
கிருமியின் முள்ளைப் பூசி வைத்திருக்கிறோம்,
கண்ணுக்குத் தெரியாத தூண்டில்.

குருதியின் தெளிநீர், ஒரு துளி.
இந்த முள்ளோடு முன்பே மல்லுக்கு நின்ற உடம்பென்றால்
அதில் பிறபொருளெதிரி இருக்கும்,
வந்து பிடித்துக்கொள்ளும்.
பிறகு கழுவ வேண்டும்.
கழுவு, கவிழ், தாளில் தட்டு.
கழுவு, கவிழ், தட்டு.
மூன்றாம் முறை.
பற்றியது நிற்கும்.
பற்றாதது தொட்டியோடு போகும்.

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலுக்கு உட்புறமாகவே பனி பூத்திருக்கிறது.
ரொசலிண்டாவுக்கு முதுகுப் பிடிப்பு,
அதனால் அவளுடைய தட்டும் என் மேசையில்.

விதிப்படி என் இரத்தம் என் கைக்கு வரக்கூடாது.
வந்துவிட்டது.
பெயர்களை மறைத்துத்தான் அனுப்புகிறார்கள்.
ஆனால் ஊசி குத்தியவள் குழாயில் ஒட்டியதை
நான் படித்துவிட்டேனே:
நானூற்றுப் பதினேழு.
பதினெட்டு, யசோதரன்.

நவம்பரில் ஒரே வெள்ளிக்கிழமை
இருவருக்கும் உறுதி என்று செய்தி வந்தது,
ஒரே ஃபோனில், அடுத்தடுத்து.
அவனுக்கு இரண்டு நாள் மூக்கடைப்பு.
பழைய கிரிக்கெட் ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்,
முடிவு தெரிந்தும் கத்தினான்.
எனக்குப் பதினேழு நாள்.
கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போக
நடுவழியில் ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது.
பெருங்காய டப்பாவைத் திறந்து
மூக்கை உள்ளே விட்டேன்.
வெறும் டப்பா.

நிறமி ஊற்றினேன்.
குழி குழியாக நீலம் ஏறியது.
அமிலம் விட்டதும்
நீலமெல்லாம் சட்டென்று மஞ்சள்.

பதினெட்டு: அம்மியிலிருந்து அப்போதுதான் வழித்த மஞ்சள்.
பதினேழு: தண்ணீர்.

துளி விடாமல் விட்டேனோ?
இன்னொரு தட்டில் மறுபடி செய்தேன்.
தண்ணீர்.

சிலருக்கு எழும்பாது. தெரியும்.
அந்த அட்டவணையை நானே போட்டிருக்கிறேன்,
'சிலர்' என்று தட்டச்சு செய்து
தேநீர் குடிக்கப் போயிருக்கிறேன்.
அந்தச் சிலர் நடுவழியில் நாற்காலி போட்டவர்களா
என்று எழுத அதில் கட்டம் இல்லை.

அதோடு, இந்தத் தட்டுக்குத் தெரிவது
குருதியில் மிதப்பது மட்டும்.
என்பு மச்சைக்குள் ஏதாவதொரு நினைவுக் கலம்
விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.
அதன் கதவைத் தட்ட
இதற்குக் கையில்லை.

எல்லாம் சரி.
இரண்டு நாள் தும்மியவனுக்குச் சான்றிதழ்,
எனக்கு வெள்ளைத்தாள்.
புருசனின் இரத்தத்தின் மேல் பொறாமைப்பட்டவள்
இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் அவன் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறினேன்.
நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு.
சிவப்பு விளக்கில், கண்ணாடி வழியாக:
"என்னவாம்?"
"உங்களுக்குக் கிடக்கு."
"உமக்கு?"
பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன்.

இரண்டு நிறுத்தம் முன்பே மணியை அழுத்தி இறங்கினேன்.
முகத்தை அறுக்கும் எதிர்க்காற்று.
பாதியில் ஒருமுறை நின்றேன்.
நாற்காலி இல்லாமல்
வீடுவரை போனேன்.

கோட்டைக் கழற்றாமல்
பெருங்காய டப்பாவைத் திறந்தேன்.
மணக்கிறதா,
மணக்கும் என்று எனக்குத் தெரிவதாலா?
மூடினேன்.
ஜன்னலைத் திறந்து குளிரை நன்றாக இழுத்து
மூக்கைக் கழுவிக்கொண்டு
மறுபடி திறந்தேன்.